பொருத்துக

ஞாயிறு மூன்று மணி. கெர்பாவ் ரோட்டில்
கைப்பேசிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடி.
ஏர்கான் சொட்டும் இடத்தில் ஒரு பெயின்ட் வாளி.
நாங்கள் பதினோரு பேர், எல்லார் சட்டையும் இஸ்திரி போட்டது.
மிஸ் நூராய்னிக்கு இருபத்தாறு வயதிருக்கும்.
தாளை நீட்டுகிறார்:
இந்தப் பக்கம் வினை, அந்தப் பக்கம் வேலை, பதவி.
கோடு போட்டுப் பொருத்துக.

'ஹோல்ட்' போய் 'போஸ்ட்'டோடு சேர்கிறது.
இங்கிலீஷில் பதவியைப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும்,
திரும்புகிற லாரியில் பின்கம்பியைப் பிடிப்பதுபோல.
நாம் வகிக்கிறோம்.
வகிப்பது என்றால் கையால் என்ன செய்வது என்று
இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை.
'ஸ்டெப் டவுன்' சுலபம்:
முகம் ஏணியைப் பார்த்து, எப்போதும் மூன்று பிடிமானம்.
'ரிப்போர்ட் டு',
யாருக்குக் கீழே என்று கேட்கக் கூச்சப்பட்டவர்கள்
கண்டுபிடித்திருப்பார்கள்.

போன வாரத் தாள் திரும்பி வந்தது.
துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன் என்பதற்கு
'ஐ ஸீ வொர்க்' என்று எழுதியிருந்தேன்.
'ஸீ'யின் மேல் சிவப்புக் கோடு.
வேலையைப் பார்க்கக் கூடாது மிஸ்டர் எழிலரசன்,
செய்யவேண்டும் என்றார். வகுப்பே சிரித்தது. நானும்தான்.
பதினாறு வருஷம் பார்த்தேன் மிஸ்.
கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால்
அரிசி அளவு நெருப்பு நகர்வதை,
இமைக்காமல்.
இதை இங்கிலீஷில் சொல்லத் தெரியாததால்
'டூ' என்று திருத்திக்கொண்டேன்.

'ஆக்டிங் சூப்பர்வைசர்' என் தாளில் ஏற்கனவே இருந்தது,
மார்ச்சிலிருந்து நான்தான் அது.
பூங்கோதையிடம் போனில் சொன்னபோது
நடிக்கவா அவ்வளவு தூரம் போனீங்க என்றாள்.
சம்பளம்?
அதில் நடிப்பில்லை, பழையதுதான்.

'ஃபில்'லுக்கு நேரே 'வேகன்ஸி'.
பாதிக் கோட்டில் பேனா நின்றது.
அந்தக் காலியிடத்துக்கு ஒரு பெயர் உண்டு, சேவுகன்.
காளையார்கோவில்காரர்.
முழங்கால் போன பிறகு
கம்பெனி அவரை 'லெட் கோ' பண்ணியது.
உயரத்தில் கயிறு பிடிப்பவர்கள் நடுவில்
யாரும் வாயெடுத்துச் சொல்லாத சொல் அது.
கடிதத்தில் மட்டும் அழகாக அச்சாகியிருந்தது.

கடைசிக் கேள்வி, இரண்டு மதிப்பெண்:
ஒருவரின் ஷூவுக்குள் காலடி வைப்பது, வாக்கியத்தில் அமைக்கவும்.
அமைத்தாயிற்று மிஸ்.
வியாழக்கிழமை, டார்மிட்டரியில் ஆள் இல்லாத நேரம்,
கட்டிலுக்கடியில் அவர் விட்டுப்போன பூட்ஸில்.
எனக்கு எட்டு. அவருக்கு ஒன்பது.
குதிகாலில் அவர் தேய்த்த பள்ளம்
என் குதிகாலுக்குக் கொஞ்சம் பின்னால் இருந்தது.
தாளில் வேறு என்னவோ எழுதினேன்.
சரி என்று போட்டிருக்கிறார்.

திங்கள் காலை மிஸ்டர் குவெக் கடிதம் தந்தார்.
'ஆக்டிங்' உதிர்ந்துவிட்டது.
வெள்ளைத் தலைக்கவசம், புதுசு, பிளாஸ்டிக் வாசனையோடு.
இனிமேல் டார்ச்சைத் தொடாதே,
மேலே நின்று பார்த்தால் போதும் என்றார்.

ஆக, பார்க்கிறேன்.
தமிழில் மேற்பார்வை, இங்கிலீஷில் 'ஓவர்ஸீ',
அதே 'ஸீ'.
அடுத்த ஞாயிறு அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றி
மிஸ்ஸிடம் கொஞ்சம் பேசவேண்டும்.

கீழே ரஃபீக்குலின் தையல் கோணலாகப் போகிறது.
கை தானாக முகமூடியைத் தேடுகிறது.
இல்லை.
ஜேபியில் வைக்கிறேன். எடுக்கிறேன்.
பிறகு கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்,
'ஹோல்ட்'.